செவ்வாயில் ரோவர் இன்று என்ன செய்ய வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

நெடுவழி

நாசாவின் ஆய்வு வண்டியான கியூரியாசிட்டி ரோவர் 2012 ஆகஸ்டில் செவ்வாயின் கேல் பள்ளத்தில் இறங்கியது. 2024 ஆகஸ்ட் வரை அது ஓடிய தூரம் சுமார் 32 கிலோமீட்டர். அதன் அதிகபட்ச வேகம் நொடிக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர், அதாவது மணிக்கு 140 மீட்டர். அந்த வேகத்தில் நிற்காமல் ஓடினால் இந்த 32 கிலோமீட்டரைப் பத்து நாளில் முடித்துவிடலாம். ஆனது 12 ஆண்டு. நிலவில் சோவியத்தின் லூனோகோத்-2 1973ல் சுமார் நான்கே மாதத்தில் 39 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

ரோவர் சோம்பேறி என்று சொல்ல வரவில்லை. மீதி நேரத்தில் பாறைகளை ஆராய்கிறது, தெரியும். ஒரு நாளின் வேலைப் பட்டியலை யார் எழுதுகிறார்கள், எந்தப் பாறையைத் தொடுவது, எதை விட்டுவிட்டுப் போவது என்பது எப்படி முடிவாகிறது என்றுதான் கேட்கிறேன். படங்களைப் பற்றிய செய்தி நிறைய வருகிறது. அந்தப் படத்தை எடுக்கச் சொன்ன முடிவைப் பற்றி யாரும் விவரமாக எழுதிப் பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல்

நல்ல கேள்வி. லூனோகோத்தைச் சேர்த்துச் சொன்னது இன்னும் நல்லது, ஏனென்றால் விடையின் ஒரு பகுதி அங்கேயே இருக்கிறது. நிலவுக்கு ரேடியோ அலை போய்ச் சேர 1.3 நொடி. அதனால் பூமியில் உட்கார்ந்து படத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்ட முடிந்தது. செவ்வாய் மிக அருகில் இருக்கும்போதே ஒரு வழிக்கு 3 நிமிடம் ஆகும், மிகத் தொலைவில் இருக்கும்போது 22 நிமிடம்.

ஆனால் தாமதம் ஒன்றே காரணம் என்று நினைத்தால் பாதிதான் புரியும். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டளை என்று பொறுமையாக ஓட்டலாமே? அதற்குத் தொடர்பு நேரம் இடம் கொடுக்காது. ரோவர் தன் சொந்த ஆன்டெனாவால் பூமிக்கு நேரடியாக அனுப்பக்கூடிய தரவு மிகவும் குறைவு. படங்களும் அளவீடுகளும் தலைக்கு மேலே கடந்து போகும் ஆர்பிட்டர்கள், அதாவது செவ்வாயைச் சுற்றிவரும் கலங்கள் வழியாகத்தான் வருகின்றன. மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர், மார்ஸ் ஒடிசி, ஐரோப்பியர்களின் டிரேஸ் கேஸ் ஆர்பிட்டர் போன்றவை இந்த வேலையைச் செய்தவை. ஒரு ஆர்பிட்டர் ரோவரின் பார்வையில் இருப்பது ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான்.

அதனால் ஒரு செவ்வாய் நாளின் வடிவம் ஏறக்குறைய இப்படி அமைந்துவிடுகிறது. அங்கே காலையில், பூமியிலிருந்து அன்றைய கட்டளைத் தொகுப்பு நேரடியாகப் போகும். ரோவர் அதைப் பார்த்து வேலை செய்யும். பிற்பகலில் ஆர்பிட்டர் கடக்கும்போது அதுவரை செய்ததை அனுப்பும். அங்கே இருட்டியிருக்கும் நேரத்தில் இங்கே குழு உட்கார்ந்து வந்ததைப் பார்த்து மறுநாளுக்கு எழுதும். மறுநாள் காலை மீண்டும் கட்டளை போகும். ஒரு நாளுக்கு ஒரே ஒரு சுற்று. கடிதம் எழுதி வண்டி ஓட்டுவது மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது பிற்பகல் தரவு. ரோவர் எங்கே நிற்கிறது, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, சக்கரங்கள் எதன் மேல் இருக்கின்றன, ரோவரின் இயந்திரக் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன பாறை இருக்கிறது என்று நான்கு விஷயம் அதில் வந்தே ஆக வேண்டும். இவை வரவில்லை என்றால் மறுநாள் எந்தப் பாறையையும் குறிவைக்க முடியாது. முடிவெடுப்பதற்கான தரவு என்றே அந்தக் குழுக்களில் இதைத் தனியாகப் பிரித்துப் பேசுவார்கள். அன்றைய ஓட்டமும், ஓடி முடித்த பிறகு சுற்றிலும் எடுக்கும் படங்களும் ஆர்பிட்டர் கடப்பதற்குள் முடிந்திருக்க வேண்டும். நாள் முழுவதும் இந்த ஒரு கெடுவைச் சுற்றித்தான் மடங்குகிறது. காலையில் ஒரு பாறையைக் கூடுதலாக ஒரு மணி நேரம் பார்த்தால் ஓட்டத்தில் ஒரு மணி நேரம் போய்விடும்.

யாழினி

கருங்கல் அண்ணா, ஒரு சந்தேகம். செவ்வாயின் ஒரு நாள், அதாவது ஒரு சோல், 24 மணி 39 நிமிடம் 35 நொடி. நம்முடையதைவிட ஏறக்குறைய 40 நிமிடம் அதிகம். அப்படியானால் அந்தப் பிற்பகல் தரவு தினமும் இங்கே 40 நிமிடம் தள்ளித் தள்ளி வருமே? அந்தக் குழு எந்த நேரத்துக்கு வேலைக்கு வரும்?

கருங்கல்

யாழினி, இதுதான் மொத்தத் திட்டமிடலையும் சிக்கலாக்குகிற விஷயம். ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி 2004 ஜனவரியில் இறங்கியபோது குழுவினர் முதல் மூன்று மாதம் செவ்வாய் நேரத்திலேயே வாழ்ந்தார்கள். தினமும் 40 நிமிடம் தள்ளித் தூங்கி, 40 நிமிடம் தள்ளி எழுந்தார்கள். செவ்வாய் நேரம் காட்டும் கைக்கடிகாரங்களைச் சிலர் தனியாகச் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு ரோவரும் செவ்வாயின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்ததால் ஒன்றுக்குப் பகல் என்றால் மற்றதற்கு இரவு. கியூரியாசிட்டிக்கும் முதல் 90 சோல் அப்படித்தான். குடும்பம், குழந்தைகள் எல்லாம் இருக்கிற மனிதர்களால் அதை ஆண்டுக்கணக்கில் செய்ய முடியாது. அதனால் பிறகு குழு இருக்கும் கலிஃபோர்னியாவின் பகல் நேரத்துக்கு மாறிவிட்டார்கள்.

மாறியதும் ஒரு விலை கொடுக்க வேண்டி வந்தது. ஏறக்குறைய ஐந்து வாரத்துக்கு ஒரு முறை இரண்டு கடிகாரங்களும் ஒத்துப்போய் மெல்ல விலகும். ஒத்துப்போகும் நாட்களில் பிற்பகல் தரவு இங்கே காலையில் வரும், அன்றே எழுதி அனுப்பிவிடலாம். விலகிய நாட்களில் தரவு நள்ளிரவில் வரும். காலையில் குழு வந்து உட்காரும்போது செவ்வாயில் அடுத்த சோல் தொடங்கியே இருக்கும். கட்டளையில்லாமல் ரோவரைச் சும்மா விட முடியாது. அதனால் இரண்டு சோலுக்கு ஒரே திட்டமாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதுவார்கள். வெள்ளிக்கிழமை என்றால் வார இறுதிக்கும் சேர்த்து மூன்று சோல்.

சக்கரம்6

நான் ஆலைகளில் தானியங்கி இயந்திரங்களுக்குக் கட்டளை எழுதுகிறவன். வேறு உலகம்தான், ஆனால் ஒரு விஷயம் பொது: தவறான கட்டளை போனால் திரும்ப வாங்க முடியாது. அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

விஞ்ஞானிகள் “இந்தப் பாறையில் லேசர் அடிக்க வேண்டும்” என்று கேட்பது ஒரு வரி. அது ரோவருக்குப் போகும்போது ஒரு நீளமான சங்கிலியாக மாறியிருக்கும். கணினி விழிக்க வேண்டும், கேமராவும் லேசரும் இருக்கும் கம்பத்தை அசைக்கும் மோட்டார்கள் சூடேற வேண்டும், கம்பம் திரும்ப வேண்டும், கருவி குளிர வேண்டுமா இல்லையா என்று பார்க்க வேண்டும், லேசரை ஒரு புள்ளியில் 30 முறை அடிக்க வேண்டும், முன்னும் பின்னும் படம் எடுக்க வேண்டும், எல்லாம் எந்த முன்னுரிமையில் பூமிக்கு வர வேண்டும் என்று குறிக்க வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பொறுப்பாளர் இதை எழுதுவார். ரோவரை ஓட்டுகிறவர்கள் ஓட்டத்தையும் கையின் அசைவையும் முப்பரிமாண மாதிரியில் ஓட்டிப் பார்த்து எழுதுவார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து, விதிகளுக்கு எதிராக ஏதாவது இருக்கிறதா என்று மென்பொருளும் மனிதர்களும் சரிபார்ப்பார்கள்.

சரிபார்ப்புக்கு ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்பவர்கள் ஸ்பிரிட்டின் 18வது சோலைப் படிக்க வேண்டும். 2004 ஜனவரி 21 அன்று அது பேச்சை நிறுத்தியது. ஃபிளாஷ் நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்திருந்தன. கணினி எழும், கோப்புப் பட்டியலைப் படிக்க முயன்று விழும், மறுபடி எழும். தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல் மின்கலத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழு என்று கட்டளை அனுப்பித்தான் மீட்டார்கள். எந்தக் கோப்பை எப்போது அழிப்பது என்பதும் தினத் திட்டத்தின் ஒரு பகுதிதான் என்பதை நான் அதில்தான் புரிந்துகொண்டேன்.

நெடுவழி

மிக்க நன்றி. “மோட்டார் சூடேற வேண்டும்” என்று ஒரு இடத்தில் சொன்னீர்கள். மின்சாரம் அவ்வளவு பெரிய பிரச்சினையா? கியூரியாசிட்டியில் இருப்பது அணுசக்தி ஆயிற்றே.

சக்கரம்6

அணுசக்தி என்றதும் எல்லாருக்கும் பெரிய மின்நிலையம்தான் நினைவுக்கு வரும். கியூரியாசிட்டியில் இருப்பது சுமார் 4.8 கிலோ புளூட்டோனியம் டைஆக்ஸைடின் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவி. புதிதாக இருந்தபோது அது தந்தது ஏறக்குறைய 110 வாட். ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது. ரோவர் விழித்து வேலை செய்யும்போது அதற்கு மேல் செலவாகும். அதனால் மின்கலம் இறங்கும். தூங்கும்போதுதான் மீண்டும் ஏறும். சோலின் பெரும்பகுதி ரோவர் தூங்குகிறது. தூக்கம் என்பதும் எழுதி வைத்த வேலைதான்.

இதில் சூடேற்றல் பெரிய செலவு. விடியற்காலையில் கையை அசைக்க வேண்டுமென்றால் மோட்டார்களை நெடுநேரம் சூடாக்க வேண்டும். மதியத்தில் அதே வேலைக்குக் கொஞ்சம் போதும். குளிர்காலத்தில் எல்லாமே விலை கூடும். பாறைத் துகளைச் சூடாக்கி அதிலிருந்து வரும் வாயுவை அளக்கும் சாம் கருவி ஒரு நாள் இயங்கினால் அதற்கு முன்னும் பின்னும் மற்ற வேலைகளைச் சுருக்க வேண்டியிருக்கும்.

2025ல் நாசா சொன்ன ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்பிட்டரோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே வேறு வேலையும் செய்ய கியூரியாசிட்டிக்கு இப்போது அனுமதி உண்டு. வேலை முன்னதாக முடிந்தால் அதுவாகவே சீக்கிரம் தூங்கப் போகலாம். விழித்திருக்கும் நேரத்தில் குறையும் ஒவ்வொரு நிமிடமும் சேமிப்புதான். 13 ஆண்டு கழித்தும் ஒரு இயந்திரத்தின் நாளை இன்னும் கச்சிதமாக்க முடிகிறது பாருங்கள்.

புழுதிப்புயல்

இவ்வளவு நேரம் பாறையைப் பற்றியே பேசுகிறீர்கள். வானத்துக்கு யார் பேசுவது?

கியூரியாசிட்டிக் குழுவில் விஞ்ஞானிகள் இரண்டு பெரிய பிரிவாக உட்காருவார்கள். நிலவியலும் கனிமங்களும் ஒரு பக்கம், சுற்றுச்சூழல், அதாவது வளிமண்டலம், தூசி, கதிர்வீச்சு மறுபக்கம். இரண்டு பக்கமும் தங்கள் விருப்பத்தைக் கொண்டுவரும். நேரமும் மின்சாரமும் தரவு அளவும் ஒன்றுதான். வெட்ட வேண்டி வரும்போது எப்போதும் முதலில் வெட்டுப்படுவது வானத்தைப் பார்க்கும் படங்கள். “பாறையை விட்டுப் போனால் திரும்ப வர மாட்டோம், வானம் நாளையும் இருக்கும்” என்பார்கள்.

நான் இதை ஏற்கவே மாட்டேன். வானிலைத் தரவின் மதிப்பு அதன் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. காற்றழுத்தம், வெப்பநிலை, தூசியின் அடர்த்தி ஆகியவற்றை ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, ஆண்டுக்கணக்கில் எடுத்தால்தான் இந்தப் பருவம் போன பருவத்தைவிட எப்படி மாறியது என்று சொல்ல முடியும். விடுபட்ட சோலை எந்தப் பணத்தாலும் நிரப்ப முடியாது. பாறை 300 கோடி ஆண்டாக அங்கேயே இருக்கிறது.

2018ல் என்ன நடந்தது? ஜூனில் தூசிப் புயல் கோளையே மூடியது. ஆப்பர்ச்சூனிட்டி இருந்த இடத்தில் வானத்தின் மறைப்பு அளவு 10.8 வரை போனது. நண்பகலே இரவு போல இருந்திருக்கும். சூரியத் தகடுகளில் கிடைத்தது 22 வாட்-மணி. ஜூன் 10 அன்று வந்ததே அதன் கடைசிச் செய்தி. மறுபக்கம் இருந்த கியூரியாசிட்டி அணு வெப்பத்தில் இயங்குவதால் அந்தப் புயலுக்குள்ளேயே நின்று அளந்துகொண்டிருந்தது. முன்பும் பின்பும் சேர்த்துத் தொடர்ச்சியாக அளந்ததால்தான் அந்தப் பதிவுக்கு இவ்வளவு மதிப்பு.

கருங்கல்

புழுதிப்புயல் சொல்வதன் மையத்தை மறுக்கவில்லை. அதனால்தான் கியூரியாசிட்டியின் வானிலை நிலையம் ஒவ்வொரு மணி நேரமும் சில நிமிடம் அளப்பது ஆரம்பத்திலிருந்தே நிலையான வேலையாக வைக்கப்பட்டது. அதை யாரும் ஒவ்வொரு நாளும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. சண்டை வருவது கேமராவுக்குத்தான், அங்கே பாறை முன்னால் நிற்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். 2024 மே 30 அன்று கெடிஸ் வாலிஸ் கால்வாயில் கியூரியாசிட்டி ஒரு கல்லின் மேல் ஏறிப் போனதில் அது உடைந்தது. உள்ளே மஞ்சள் படிகங்கள். ஆராய்ந்தால் தூய கந்தகம். கந்தகம் கலந்த உப்புகளை அதற்கு முன் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள், தனிக் கந்தகத்தைச் செவ்வாயில் பார்த்தது அதுதான் முதல் முறை. சக்கரம் ஏறியது திட்டம் போட்டல்ல. ஆனால் சுற்றுப் படங்களை நிதானமாகப் பார்த்து, ஓட்டத்தை நிறுத்தி, அந்தக் கல்லுக்கு நேரம் ஒதுக்கியது முடிவு.

ஸ்பிரிட்டின் கதையும் அதுவே. 2006ல் அதன் முன் வலச் சக்கரம் நின்றுபோனது. அதன்பிறகு அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டே பின்னோக்கி ஓடியது. இழுபட்ட தடத்தில் 2007ல் வெள்ளை மண் தெரிந்தது. அளந்தால் ஏறக்குறைய 90 சதவீதம் சிலிக்கா. வெந்நீர் ஊற்றோ எரிமலை நீராவியோ இருந்திருக்க வேண்டிய இடம். அன்றைய திட்டத்தில் “ஓட்டம்” என்று மட்டும் இருந்து, ஓடி முடித்த தடத்தைத் திரும்பிப் பார்க்க யாரும் நேரம் கேட்காமல் இருந்திருந்தால் போயிருக்கும்.

புழுதிப்புயல்

இரண்டும் நல்ல உதாரணம். ஆனால் இரண்டிலும் கண்டுபிடிப்பைக் கொண்டுவந்தது கூடுதல் கேமரா நேரம் அல்ல, எப்படியும் எடுக்கப்படும் வழக்கமான படங்கள். வழக்கமான அளவீட்டைக் கைவிடக் கூடாது என்று நானும் அதைத்தான் சொல்கிறேன்.

நெடுவழி

படிக்கப் படிக்கக் கை அரிக்கிறது. நானே ஒரு சோலுக்குத் திட்டம் போட்டுப் பார்க்கிறேன். குறை சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

சூழ்நிலை: நேற்று ஓடி வந்து அடுக்கடுக்கான ஒரு பாறைக்கு முன் நிற்கிறோம். நடுவில் வெளிர்நிறக் கோடு ஒன்று ஓடுகிறது. கடிகாரங்கள் விலகிய வாரம், எனவே இரண்டு சோலுக்கு எழுத வேண்டும்.

என் திட்டம்: முதல் சோலில் வெளிர்க் கோட்டில் கெம்கேம் லேசர் (தூரத்திலிருந்தே பாறையின் வேதியியலைப் பார்க்கும் கருவி), பாறை முழுவதற்கும் வண்ணப் படம், மதியம் கையை நீட்டித் தூசியைத் துடைத்து மாஹ்லி கேமராவால் நெருக்கப் படம், இரவு முழுக்க ஏபிஎக்ஸ்எஸ் கருவியைப் பாறையில் வைத்துத் தனிமங்களை அளப்பது. இரண்டாம் சோலில் கையை மடக்கி 50 மீட்டர் ஓட்டம், ஓடி முடித்ததும் சுற்றுப் படம். நிதானமாக ஆராய்ந்துவிட்டுப் போகிறோம், எதுவும் விடுபடவில்லை.

கருங்கல்

அறிவியலாகப் பார்த்தால் அருமையான திட்டம். ஏபிஎக்ஸ்எஸ்ஸை இரவில் வைத்தது மிகச் சரி, அதன் உணரி குளிரில்தான் கூர்மையாக அளக்கும்.

ஆனால் இரண்டு இடத்தில் சிக்கும். முதலாவது, ஓட்டத்தை இரண்டாம் சோலில் வைத்திருக்கிறீர்கள். விலகிய வாரம் என்றால், இரண்டாம் சோல் அங்கே நடந்துகொண்டிருக்கும்போதே இங்கே குழு அடுத்த திட்டத்துக்கு உட்கார்ந்துவிடும். ஓடி முடித்த இடத்தின் படம் அவர்கள் கையில் இருக்காது. ரோவர் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் அடுத்த இரண்டு சோலை எழுத வேண்டிவரும். உங்கள் 50 மீட்டர் ஓட்டத்துக்கு விலை அடுத்த திட்டத்தின் குறிவைத்த அறிவியல் முழுவதும்.

அதனால் இத்தகைய வாரங்களில் ஓட்டத்தை முதல் சோலுக்கே கொண்டுவருவார்கள். காலையில் லேசர், கையால் சுருக்கமாக ஒரு தொடுதல், பகலிலேயே சிறிது நேரம் ஏபிஎக்ஸ்எஸ், உடனே கையை மடக்கி ஓட்டம். தொட்டுவிட்டுப் போவது. அளவீடு இரவில் எடுத்ததைப் போல் கூர்மையாக இருக்காது. பதிலுக்கு முதல் சோல் பிற்பகலிலேயே புதிய இடத்தின் படங்கள் வந்துவிடும், இரண்டாம் சோல் நடக்கும்போது இங்கே அவற்றை வைத்துத் திட்டமிடலாம். வெளிர்க் கோடு உண்மையிலேயே அரிதானது என்று நிலவியல் குழு நம்பினால் மட்டும் ஓட்டத்தை விட்டுவிட்டு உங்கள் வழியில் இரவு முழுக்க நிற்கலாம்.

இரண்டாவது, கையை நீட்டும் முன் ஒரு தடை இருக்கிறது. ஆறு சக்கரமும் உறுதியாக நிற்கின்றனவா என்று படத்தில் பார்ப்பார்கள். ஒரு சக்கரம் சின்னக் கல்லின் விளிம்பில் ஏறி நின்றால் போதும், கையின் எடையில் ரோவர் நழுவலாம். நழுவினால் பாறையில் அழுத்திய கருவி நொறுங்கும். அன்று கை மடக்கியே இருக்கும், தொடும் வேலைகள் அத்தனையும் ரத்து. காலையில் ஆசையாக எழுதிக்கொண்டு வந்தவர்கள் பத்தே நிமிடத்தில் தூரத்திலிருந்து பார்க்கும் திட்டத்துக்கு மாற வேண்டும். இது அரிதாக நடப்பதல்ல.

யாழினி

சரி அண்ணா, ஓட்டம் முதல் சோலில். அப்புறம் இரண்டாம் சோலில் ரோவர் என்ன செய்யும்? புதிய இடத்தில் என்ன இருக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாதே, குறிவைக்கவும் முடியாது.

புழுதிப்புயல்

அங்கேதான் எங்களுக்கு இடம்! குறி தேவையில்லாத வேலைகள்: சூரியனைப் பார்த்துத் தூசியின் அளவு, தூசிச் சுழல்களைத் தேடும் படத்தொடர், மேகங்கள். ரோவர் எந்த இடத்தில் நின்றாலும் வானம் மேலேதான் இருக்கும்.

சக்கரம்6

யாழினி, அந்தக் கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு, என் கண்ணில் இந்த இழையிலேயே முக்கியமான விஷயம் அதுதான். ஏஜிஸ் என்று ஒரு மென்பொருள். முதலில் ஆப்பர்ச்சூனிட்டியில் பயன்பட்டது, 2016 மே மாதம் முதல் கியூரியாசிட்டியில் கெம்கேம் லேசருக்கு. ஓடி முடித்ததும் ரோவரே ஒரு படம் எடுக்கும். அதில் பாறைகளின் விளிம்பைக் கண்டுபிடித்து, அளவு, வெளிச்சம் போன்ற அளவுகோல்களால் வரிசைப்படுத்தி, மேலே வருவதைக் குறிவைத்து லேசர் அடிக்கும். என்ன மாதிரிப் பாறை வேண்டும் என்று விஞ்ஞானிகள் முன்பே சொல்லி வைப்பார்கள், எந்தப் பாறை என்று ரோவர் முடிவு செய்யும். குறிவைக்க முடியாது என்று நீங்கள் சொன்ன அந்தச் சோலில் இப்போது வேதியியல் தரவு கிடைக்கிறது.

என் கருத்து, இதை இன்னும் நெடுந்தூரம் கொண்டுபோக வேண்டும். கியூரியாசிட்டிக்குப் பிறகு நாசா அனுப்பிய பெர்சிவரன்ஸில் ஓட்டத்துக்கு ரோவரே பாதை பார்த்துக்கொள்கிறது, மணிக்கு 120 மீட்டர் வரை ஓட முடியும். வேலைகளை எந்த வரிசையில், எப்போது செய்வது என்பதை ரோவரிலேயே கணக்குப் போடும் திட்டமிடும் மென்பொருளும் அதில் வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு வேலைக்கு 20 நிமிடம் ஆகலாம் என்றால் பாதுகாப்புக்கு 30 ஒதுக்குவார்கள், 15ல் முடிந்தால் மீதி வீண். இப்போது மிச்சத்தை அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். மனிதர்கள் நேரம் நேரமாகக் கட்டளை எழுதுவதை விட்டு, என்ன வேண்டும் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

கருங்கல்

நேரக் கணக்கில் முழு சம்மதம். அது இயந்திரத்துக்குத்தான் பொருத்தம், மனிதனுக்கு அல்ல. ஆனால் எது முக்கியம் என்ற தீர்ப்பை அவ்வளவு எளிதில் கொடுக்க மாட்டேன். ஏஜிஸ் தேடுவது நாம் ஏற்கெனவே வேண்டும் என்று சொன்னதை. உடைந்த கல்லில் மஞ்சள் படிகம் வேண்டும் என்று 2024 மே மாதத்துக்கு முன் யாரும் சொல்லி வைத்திருக்க முடியாது.

இன்னொன்று. 2021 ஆகஸ்ட் 6 அன்று பெர்சிவரன்ஸ் முதல் முறையாகப் பாறையைத் துளைத்து மாதிரி எடுக்க முயன்றது. துளையிட்டது, குழாயை உள்ளே கொண்டுபோனது, மூடியது. எல்லாப் படியும் கட்டளைப்படி நடந்தது. குழாய் காலி. பாறை அவ்வளவு நொய்வாக இருந்ததால் துகளாகிச் சிதறிவிட்டது. அதன்பிறகு குழு உட்கார்ந்து, இந்தப் பாறையே வேண்டாம், வேறு வகைப் பாறைக்குப் போவோம் என்று முடிவெடுத்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ரோஷெட் என்று பெயரிட்ட பாறையில் மாதிரி கிடைத்தது. அந்த “வேண்டாம், போவோம்” என்பதற்கு அந்தப் பகுதியின் நிலவியல் முழுவதும் தலையில் இருக்க வேண்டும்.

சக்கரம்6

ஐயா, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். நிலவில் பிரக்யான் 2023 ஆகஸ்ட் 27 அன்று 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் அகலப் பள்ளத்தைக் கண்டபோது, பூமியிலிருந்து பார்த்து வந்த வழியே திருப்பினார்கள். நிலவில் அது முடியும். செவ்வாயில் ஒரு சோல் காத்திருக்க வேண்டும். வியாழனின் யூரோப்பாவில் என்றாவது ஒரு கருவியை இறக்கினால், மின்கலத்தை நம்பி அது சில வாரங்கள்தான் உயிரோடு இருக்கும். அங்கே “குழு உட்கார்ந்து யோசிக்கட்டும்” என்று சோல் சோலாக விட முடியாது. செவ்வாயில் பழகாமல் அங்கே எப்படி நம்புவது? ஒரு மின்னும் கல்லைக் கண்டால் குறைந்தபட்சம் “ஓட்டத்தை நிறுத்தி, பூமியைக் கேள்” என்று சொல்லத் தெரிந்தால் போதும். முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

கருங்கல்

நிறுத்திக் கேட்பது என்றால் சரி, அதற்கு நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு சோல் என்பதை மறக்கக் கூடாது. எதற்கெல்லாம் நிற்க வேண்டும் என்ற வரம்பைத் தளர்த்தினால் ரோவர் கேல் பள்ளத்தின் நடுவிலுள்ள மலையில் ஏறவே ஏறாது.

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 2014ல் பாரம்ப் ஹில்ஸ் என்ற இடத்தில் கியூரியாசிட்டி முதலில் வெளியே தெரியும் பாறை அடுக்குகள் முழுவதையும் பார்த்துக்கொண்டே நடந்து, பிறகு திரும்பி வந்து தேர்ந்தெடுத்த இடங்களில் கையை வைத்து, அப்புறம்தான் அடுத்து எங்கே துளையிடுவது என்று முடிவு செய்தது. களத்தில் நிலவியலாளர்கள் எப்போதும் செய்வது இதுதான். நேரம் அதிகம் ஆகும். ஆனால் எந்தக் கல் அரிது, எது எங்கும் கிடைப்பது என்று தெரிந்த பிறகு தொடுகிறோம்.

நெடுவழி

திருத்திய திட்டம். முதல் சோல்: காலையில் வெளிர்க் கோட்டிலும் பக்கத்து அடுக்கிலும் லேசர், ஒப்பிடுவதற்காக. கை அனுமதி கிடைத்தால் துடைத்து, நெருக்கப் படம், குறுகிய ஏபிஎக்ஸ்எஸ். கிடைக்காவிட்டால் அந்த நேரத்துக்கு மூன்றாவதாக ஒரு லேசர் குறியும் தூரத்து அடுக்குகளின் வண்ணப் படமும், இதை முன்பே எழுதி வைத்துக்கொள்வது. பிறகு ஓட்டம், சுற்றுப் படம், ஆர்பிட்டர் கடப்புக்கு முன் முடிக்க வேண்டும். இரண்டாம் சோல்: ஏஜிஸ் ஒரு குறி, தூசி அளவு காலையும் மதியமும், தூசிச் சுழல் படத்தொடர்.

புழுதிப்புயல், உங்கள் இரண்டு தூசி அளவும் இருக்கின்றன, பாருங்கள்.

புழுதிப்புயல்

பார்த்தேன், நன்றி. முதல் சோலிலும் மதியம் ஒன்று வேண்டும். ஓட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம் போதும்.

யாழினி

கடைசியாக ஒன்று. செவ்வாய் சூரியனுக்குப் பின்னால் போகும்போது என்ன செய்வார்கள்? அப்போது ஒரு சோலுக்குக்கூடக் கட்டளை அனுப்ப முடியாதே.

சக்கரம்6

ஆம், ஏறக்குறைய 26 மாதத்துக்கு ஒரு முறை வரும். சூரியனைச் சுற்றியுள்ள சூடான அயனி வாயு ரேடியோ சமிக்ஞையைக் குலைத்துவிடும். பாதி குலைந்த கட்டளை ரோவரிடம் போய்ச் சேருவது எதுவுமே போகாததைவிட ஆபத்து, அதனால் அனுப்புவதையே நிறுத்திவிடுவார்கள். 2021ல் அக்டோபர் 2 முதல் 16 வரை நிறுத்தினார்கள். 2023ல் நவம்பர் 11 முதல் 25 வரை.

அந்த இரண்டு வாரத்துக்கான திட்டம் முன்கூட்டியே எழுதப்பட்டு ஏற்றப்படும். ஓட்டம் கிடையாது, கை அசையாது. 2021ல் கியூரியாசிட்டி வானிலை, கதிர்வீச்சு, மண்ணுக்கடியில் உள்ள ஹைட்ரஜன் ஆகியவற்றை அளந்துகொண்டிருந்தது. பெர்சிவரன்ஸ் வானிலையை அளந்து, தூசிச் சுழல்களைத் தேடி, ஒலிகளைப் பதிவு செய்தது. தினமும் ஒரு சிறு நலச் செய்தி மட்டும் முடிந்தபோது வரும்.

புழுதிப்புயல்

இரண்டு வாரம் ஒரே இடத்தில் நின்று, இடைவெளியில்லாமல், ஒரே மாதிரி அளந்த தரவு. அந்த நாட்களின் காற்றழுத்த வரைபடங்களை யாராவது இங்கே விளக்கினால் தனி இழை தொடங்கலாம். நான் தூசிச் சுழல் பகுதியை எடுத்துக்கொள்கிறேன்.